விரலில் நிற்காத பூ

மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் சென்னப்பனின் அடுப்பு புகைந்தால், ரயில் வரப்போகிறது என்று பொருள்.

யுத்தக் காலம். இரும்புக் கம்பி கிடைக்கவில்லை. அதனால் ஆவாரங் குச்சிகளில் ஆட்டுக்கறியைக் கோத்துத் தணலில் சுடுவார். கூடவே கேழ்வரகு ரொட்டியும் வேர்க்கடலைத் துவையலும் இருக்கும்.

குச்சி ஒடிப்பது மகள் குள்ளம்மாளின் வேலை. அன்று துவையல் அரைக்கவும் வேண்டியிருந்ததால் தம்பி செல்லனை அனுப்பினாள். மஞ்சள் பூப் பூத்த செடியில் ஒடித்துத் தோலைச் சீவி வரச் சொன்னாள். அவனும் ஒரு கட்டு கொண்டுவந்தான்.

கறி வெந்துகொண்டிருந்தபோது, விரலுக்கு ஒரு மஞ்சள் பூவைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு செல்லன் வந்து நின்றான். கட்டைவிரல் ஸ்டேஷன் மாஸ்டராம். சுண்டுவிரல் கொடி காட்டுகிறவராம்.

குள்ளம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஆவாரம் பூ விரிந்த பூ, விரலில் நிற்காது. இதுவோ மணி போல நீண்டிருந்தது.

"எங்கடா பறிச்ச?"

"குச்சி ஒடிச்ச எடத்துலதான்க்கா. கெணத்து மேட்டுல."

கிணற்று மேட்டில் நிற்பது மஞ்சள் அரளி. ஆடுகூட வாய் வைக்காத விஷச் செடி.

"வாயில வெச்சியா?"

"ஸ்டேஷன் மாஸ்டர யாராச்சும் திம்பாங்களா?"

அவன் கையைத் தேய்த்துக் கழுவினாள். தூரத்தில் ரயில் கூவியது. இந்த ஒரு ரயிலை நம்பித்தான் வீட்டில் உலை வைப்பார்கள். சொன்னால் கறி அத்தனையும் வீண். சொல்லாவிட்டால்? சேலம் தாண்டி, முகம் தெரியாத யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவது கண்முன் தெரிந்தது.

ரயில் நின்றது. பட்டாளத்துக்காரர் ஒருவர் இறங்கி வந்து கை நீட்டினார். சென்னப்பன் குச்சியை எடுத்தார்.

"குடுக்காதீங்கப்பா. அது அரளிக் குச்சி. நாந்தான் மஞ்சப் பூவ மட்டும் அடையாளம் சொல்லி அனுப்பிட்டேன்."

சென்னப்பன் முகம் கறுத்தது. எடுத்த குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கறியைப் புதைக்கக் குழி தோண்ட மண்வெட்டியைத் தேடினார்.

குள்ளம்மாள் ரொட்டிக் கூடையைத் தூக்கினாள்.

"கறி இல்லீங்க. ரொட்டியும் துவையலும் இருக்குதுங்க. துவையல் நான் அரைச்சதுங்க."

பட்டாளத்துக்காரர் அவளையே பார்த்தார். ஒரு ரொட்டியைத் துவையலில் தோய்த்துத் தின்றார். பிறகு தன் பெட்டிப் பக்கம் திரும்பிக் கை அசைத்தார். ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. ரயில் நகரும்போது கூடையில் துவையல் ஒட்டிய கிண்ணம்தான் மிச்சம்.

மறுநாள் குச்சி ஒடிக்க அக்காவும் தம்பியும் சேர்ந்தே போனார்கள். செல்லன் ஒரு மஞ்சள் பூவைப் பறித்துக் கட்டைவிரலில் மாட்டினான். அது நழுவி விழுந்தது.

"ஒடிக்கலாம்க்கா," என்றான்.