உள்ளித் தண்ணிக் கோடு

அறைக்குள் உருளைக்கிழங்கு அவித்த மணம் வந்தது.

தர்மிகா கதவடியிலேயே நின்றாள். அந்த அறையில் அடுப்பு இல்லை. இங்கிலாந்தில், மிச்சம் என்ற ஊரில் அண்ணன் சிவதர்ஷன் வாங்கிய வீட்டின் பின்வளவில், வேலி மூலையோடு ஒட்டிப் பலகையால் கட்டிய ஒற்றை அறை அது. ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், சுவரில் அவளுடைய பட்டமளிப்புப் படம். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். நவம்பர் மாதம், பின்னேரம் நாலரைக்கே இருட்டுக் கட்டிவிட்டிருந்தது. ஹீட்டர் கிளப்பும் தூசி மணமும் மழையில் ஊறிய பலகையின் மணமும் அவளுக்குப் பழகியவை; இது வேறு. தோலோடு அவிந்த கிழங்கின் மாவு மணம், கட்டிலுக்குக் கீழேயிருந்து, யாரோ மூச்சு விடுவதைப்போல விட்டுவிட்டு, இளஞ்சூட்டோடு வந்து கணுக்காலில் பட்டது.

பாம்பு கொட்டாவி விட்டால்தான் அப்படி மணக்கும் என்று அம்மா சொல்லுவாள். விசர்க்கதை. உயிரியல் படித்தவளுக்குத் தெரியாதா? இந்தக் குளிரில் இங்கிலாந்துப் பாம்பெல்லாம் மண்ணுக்குள் செத்ததுபோல உறங்கும். அண்ணன் மனைவி கௌசிதான் கிழங்கு அவிக்கிறாள், காற்று கொண்டுவருகிறது என்று தன்னையே அதட்டினாள். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, கேட்டுப் பார்ப்போமென்று வெளியே இறங்கினாள்.

புல் நனைந்திருந்தது. பாதி வளவு கடந்த பிறகுதான் கண்ணில் பட்டது, வேலியோரம் மஞ்சள் ஊற்றின தடமே இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் உள்ளிப்பூண்டும் பெருங்காயமும் இடித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரை வேலி நெடுகக் கோடாக ஊற்றுவான். அதைத் தாண்டிப் பாம்பு வராதாம். வீடு, வளவு, அவளுடைய அறை எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தன. இன்றும் வெள்ளிதான். உள்ளி மணம் மூக்கைப் பிடுங்கியது. ஆனால் கோடு வீட்டுச் சுவரை ஒட்டி ஓடியது. சுவர் முழுக்க மஞ்சள். பின்கதவுப் படி மட்டும் காய்ந்திருந்தது.

அவளுடைய அறை வெளியே.

செப்டம்பரில் குப்பைமேட்டடியில் ஒரு பாம்பைக் கண்டபோது கௌசிக்கு நாலு மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் உயிர் கொல்லக் கூடாது. கவுன்சிலுக்குப் போன் அடித்துக் கேட்டார்கள். புல்லுப் பாம்பு, நஞ்சில்லை, கொன்றால் சட்டப்படி குற்றம், சும்மா விடுங்கள் என்றார்கள். சும்மா விட அண்ணனுக்கு ஏலவில்லை. மண்வெட்டியைக் கொண்டுவந்து தங்கச்சியின் கையில் கொடுத்தான்.

"நீ படிச்சனி. உனக்கு உதெல்லாம் பொய்தானே. நீ அடி."

அது ஓடவில்லை. கழுத்தில் மஞ்சள் வளையம். சுருண்டு கிடந்து அவளையே பார்த்தது. அண்ணன் தன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டான் என்ற பெருமையில் ஓங்கி இறக்கினாள். தலை முழுதாய் அறவில்லை. ஒரு பக்கமாய்த் தொங்கியது. அண்ணன் அதைப் பையில் கட்டித் தூரக் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. முன்கதவால் வராதே, பக்கவாட்டுக் கேற்றால் வா. சாப்பாடு படியில். கௌசியைத் தொடாதே, நீ ஆஸ்பத்திரி லாப்பில் வேலை, கிருமி. பிள்ளைக்காகத்தானே என்று எல்லாவற்றையும் விழுங்கினாள்.

கதவைத் தட்டினாள். குசினி வெளிச்சத்தில் அண்ணனும் கௌசியும் நின்றார்கள். அடுப்பு அணைந்திருந்தது. மண்வெட்டி உள்ளே, ஃபிரிட்ஜோடு சாய்த்து வைத்திருந்தது.

"அண்ணை, கோட்டைப் பிழையா ஊத்தியிருக்கிறியள். நான் வெளியில நிக்கிறன்."

"பிழையில்லை." கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் அடங்கி வந்தது. "அடிச்ச ஆளைத்தான் அது தேடுமாம். பிள்ளை பிறக்கிறவரைக்கும்தான், தர்மி."

"நீங்கள் சொல்லித்தானே அடிச்சனான்?"

பூட்டுத் திறந்த சத்தம். கதவு ஒரு சாண் விலகியது. உள்ளே விடப்போகிறான். என்ன இருந்தாலும் அண்ணன். காலைத் தூக்கிப் படியில் வைக்கப்போனாள்.

கைதான் வந்தது. கையில் பிளாஸ்டிக் போத்தல். அவளுடைய கால்விரலுக்கு முன்னால், காய்ந்திருந்த படியில், மஞ்சள் தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக ஓடியது. கதவு மூடியது. பூட்டு விழுந்தது.

பக்கவாட்டுக் கேற்றுக்கு ஓடினாள். பத்து நிமிடம் முன்புதான் அதால் வந்தாள். இப்போது வெளிப்பக்கம் புதுப் பூட்டு. தலைக்கு மேல் உயரம். ஏற ஏலாது.

பின்னால் பலகை முனகியது. அவளுடைய அறைக் கதவு.

திரும்பவில்லை. குசினி யன்னலுக்கே ஓடி வந்து இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தாள். "மச்சாள், நீங்களாவது திறவுங்கோ."

கௌசி அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள். புல்லில் எதையோ பார்த்தாள். பிறகு அந்தப் பார்வை ஏறியது. இடுப்பு உயரம். தோள் உயரம். இன்னும் மேலே.

ஒரு கை வயிற்றைப் பொத்தியது. மறுகை திரைச்சீலையை இழுத்தது.

வெளிச்சம் போனது. கண்ணாடி கறுத்தது. அதில் அவளுடைய முகம். அருகே, அவள் உயரத்துக்கு நிமிர்ந்த ஒரு கழுத்து. மஞ்சள் வளையம். அதற்கு மேலே, மண்வெட்டி இறங்கிய இடத்தில், ஒரு பக்கமாய்த் தொங்கும் தலை.

கிழங்கு மணம் பிடரியில் இளஞ்சூடாகப் பட்டது.

தொங்கிய தலை மெல்ல வாயைத் திறந்தது.