முகம் இல்லாத இளவரசி

செஞ்சிக் கோட்டைக்குக் கீழே ஒரு சின்னத் தெருவில் ஆரோக்கியம் என்ற சிறுமி இருந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் அந்த ஐப்பசி மாதத்தில் ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆயிற்று.

அவளுடைய நைனா மரியசெல்வம் ரப்பர் தோட்ட வேலைக்கு மலேயா போனவர். அப்போது தம்பி காஸ்பர் தொட்டிலில் கிடந்தான். பிறகு யுத்தம் வந்தது, கடிதங்கள் நின்றன. யுத்தம் முடிந்த பிறகும் நைனா வரவில்லை. சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இழுத்துப் போனவர்களில் பல பேர் திரும்பவே இல்லை என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

தினமும் சாயங்கால ஜெபத்தில் அம்மா அருளம்மாள் வீட்டு மனிதர்களின் பெயர்களைச் சொல்லுவாள். முதலில் உயிரோடு இருப்பவர்கள், அப்புறம் இறந்தவர்கள். நைனாவின் பெயரை எதில் சொல்வது? கொஞ்ச நாளாக அம்மா அதை எதிலும் சொல்வதில்லை. பாதியில் எழுந்து போய்விடுவாள்.

அடுத்த வாரம் இறந்தவர்களுக்கான பூசை. கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார்.

"எத்தினி நாளைக்கும்மா இப்டியே இருப்ப? இந்த வருசம் மரியசெல்வம் பேரையும் குடுத்துடு. அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசையாவது கெடைக்கட்டும்."

அம்மா மெல்லத் தலையாட்டினாள். ஆரோக்கியம் குறுக்கே வந்து நின்றாள்.

"குடுக்காதம்மா! நைனா என்னப் பாத்ததும் ஓடியாந்துடுவாரு!"

"எங்கடி பாப்பாரு?"

"சினிமாவுல!"

அதுதான் அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த கதை. போன வருடம் கோட்டையில் ஒரு ராஜா படம் எடுத்தார்கள். எதிரிகளுக்குப் பயந்து குட்டி இளவரசி மலைப் படியில் ஓட வேண்டும். சென்னையிலிருந்து வந்த சிறுமியோ கொதிக்கிற பாறையில் கால் வைக்க மாட்டேன் என்று அழுதாள். கேமராக்காரர் அரங்கநாதன் சுற்றிலும் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்க்க வந்த ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார்.

"இப்போ நீதான் இளவரசி. ஓடு!"

அவள் ஓடினாள். அவர் சின்னக் கேமராவைக் கையில் பிடித்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, பக்கத்திலேயே ஓடினார். அவள் காலைப் பார்த்தால் கேமராவும் படியைப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்த்தால் அதுவும் திரும்பியது. மதிலில் இருந்த குரங்கைப் பார்த்து அவள் பயந்தபோது கேமராவும் பின்வாங்கியது.

மலைமேல் இருந்த பழைய நெற்களஞ்சியத்தின் வாசலில் ஒரு தாதி இளவரசியைத் தேற்ற வேண்டும். தாதியாக நடித்த அம்மாள் பாதி மலையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்க் குடம் சுமந்து வந்த அருளம்மாளைத்தான் நிற்க வைத்தார்கள். ஆரோக்கியம் கேமராவை ஒட்டிக் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கேமராதான் குழந்தைன்னு நினைச்சுக்கோங்கம்மா. குழந்தை அழுதா என்ன பண்ணுவீங்க?" என்றார் அரங்கநாதன்.

அம்மா மகளைப் பார்த்தாள். குனிந்தாள். முந்தானையால் கேமராவின் கண்ணாடியை அழுத்தித் துடைத்துவிட்டாள்!

"ஐயோ, கண்ணாடி!" என்று அவர் அலறினார். பிறகு அவரே சிரித்தார். "இருக்கட்டும். இந்தப் படம் கப்பலேறி மலேயா வரைக்கும் போகும், தெரியுமா?"

மலேயா என்ற அந்தச் சொல் ஆரோக்கியத்தின் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. அங்கே நைனா டெண்டுக் கொட்டாயில் உட்கார்ந்திருப்பார். திரையில் அவள் முகம் வரும். 'என் மவ!' என்று எழுந்துவிடுவார்.

இப்போது படம் செஞ்சிக்கே வந்துவிட்டது. முதல் நாள் கொட்டாயில் ஆரோக்கியமும் காஸ்பரும் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் கடைத்தெருப் பையன் துரைராஜ் தன் கூட்டத்தோடு இருந்தான்.

இளவரசி வந்தாள். சென்னைச் சிறுமியின் முகம். எதிரிகள் வந்தார்கள், ஓட்டம் தொடங்கியது. திரை முழுக்கப் படிகள் தாவித் தாவி வந்தன. மதில் வந்தது. குரங்கு வந்தது. ஆரோக்கியம் மட்டும் வரவே இல்லை.

"இன்னாடி, உன் மூஞ்சி எங்க? கொரங்குதான் நீயா?" என்றான் துரைராஜ். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஆரோக்கியம் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் திரையையே பார்க்கவில்லை. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நைனா இனி எப்படி அவளைப் பார்ப்பார்? எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா பெயரைக் கொடுத்துவிடுவாள்.

திரும்பும் வழியில் காஸ்பர் தேம்பினான்.

"நைனா உன்னப் பாக்க மாட்டாரா அக்கா? வர மாட்டாரா?"

அவளுக்கே அழ வேண்டும்போல இருந்தது. அவன் அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குனிந்து, பாவாடை நுனியால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

காஸ்பர் தேம்பலை நிறுத்தினான். "படத்துலயும் அம்மா இப்டித்தான் தொடச்சிச்சி."

"யார?"

"என்னத்தான்! குனிஞ்சி என்னியே பாத்துச்சி. முந்தானையால தொடச்சிச்சி. எல்லாம் இருட்டா ஆயிடிச்சி. பக்கத்துல இருந்த தாத்தாகூட அவரு கண்ணத் தொட்டுப் பாத்துக்கினாரு."

ஆரோக்கியம் அப்படியே நின்றுவிட்டாள். அரங்கநாதன் அவள் உயரத்துக்குக் குனிந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. அவர் அவளைப் படம் பிடிக்கவில்லை. அவள் பார்த்ததைப் பிடித்திருக்கிறார். படம் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், அந்தப் படியில் ஓடுவதும் பயப்படுவதும் அவர்தான். அம்மா குனிந்து பார்ப்பதும் அவரைத்தான்!

மறுநாள் அவள் அம்மாவை விடவில்லை.

"எனக்கு எதுக்குடி சினிமா? நாளைக்குக் காலையில உபதேசியார் பேரு வாங்க வராரு."

"ஒரே ஒரு தடவம்மா. பாத்துட்டு அப்றம் பேரு குடு. நான் தடுக்கவே மாட்டேன்."

அம்மா வந்தாள். திரையில் தன் முகம் வந்ததும், "ஐயோ, கர்த்தரே!" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திரையிலிருந்த அருளம்மாள் குனிந்தாள். நேராகப் பார்த்தாள். முந்தானை கிட்டே வந்தது. இரண்டாம் தடவை பார்க்க வந்திருந்த துரைராஜ் கன்னத்தைத் தடவிக்கொண்டதை ஆரோக்கியம் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்.

"இது நெசமாவே கப்பல்ல போவுமா?"

"போவும்மா. அரங்கநாதன் ஐயா சொன்னாரு."

"அங்க அவரு உக்காந்து பாத்தாருன்னா..."

"நான் தெரிய மாட்டேம்மா. நீ குனிஞ்சி அவரத்தான் பாப்ப. அவரு கண்ணத்தான் தொடைப்ப."

அம்மா தெருவிலேயே நின்று அழுதாள். நைனா அந்தக் கொட்டாயில் உட்காருவாரா, உட்கார அவர் இருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? ஆரோக்கியத்துக்கும் தெரியாது. அவள் அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

காலையில் உபதேசியார் வந்தார். அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரைச் சேத்துடலாமாம்மா?"

"இந்த வருசம் வேணாங்க ஐயா. மொதல்ல படம் அங்க போய்ச் சேரட்டும்."

"எந்தப் படம்?"

காஸ்பர் முந்திக்கொண்டான். "அம்மா நைனா கண்ணத் தொடைக்கிற படம்!"

உபதேசியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மூவரும் முழங்காலில் நின்றார்கள். அம்மா உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். எல்லாப் பெயருக்கும் முன்னால், மரியசெல்வம் என்றாள்.