எட்டுக் கொக்கி, எட்டுக் கோப்பை

ஓவாகா காவல் நிலையத்தின் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு தேநீர்க்கடை நோலீன் உள்ளே வந்தாள். ஏப்ரனில் மாவு படிந்திருந்தது. அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கசக்கிப் பிடித்தபடி, சுற்றுலா வேன் ஓட்டும் டூகல் கெர் நின்றார்.

"எரு, எந்திரி. ஒரு அம்மாவைக் காணோம்."

எரு டீபா அந்த ஊரின் ஒரே காவலர். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னத் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவரும் அவர்தான். பிரசங்கமானாலும் கைதானாலும் குரலை உயர்த்தமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

"உக்காருங்க டூகல். யாரு, எப்போன்னு மட்டும் சொல்லுங்க."

டூகல் உட்காரவில்லை. "மோய்ரா லாங். எழுபத்திநாலு வயசு. டிமாருக்காரங்க, தனியா வந்திருந்தாங்க. இடுப்புல வலி, கைத்தடி வச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க. காலையில டனீடன்ல இருந்து எட்டுப் பேரோட கெளம்பினேன். முதல்ல கலங்கரை விளக்கம். அப்புறம் காட்டுக்குள்ள இருக்கற அருவி. ஒண்ணே முக்காலுக்குக் குகைக் கடற்கரை. ரெண்டரைக்கு அங்கிருந்து கெளம்பினோம். இங்க வந்து நோலீன் எட்டுத் தட்டு வைக்கறா, ஏழு பேர்தான் உக்காந்திருக்காங்க."

"கெளம்பறப்ப எண்ணலியா நீங்க?" என்றாள் நோலீன்.

"எண்ணினேன். ஒவ்வொரு எடத்துலயும் எண்ணினேன். எட்டு இருந்துச்சு."

"எட்டுப் பேரா?"

டூகலின் முகம் சிவந்தது. "எட்டுக் கோப்பை. ஆளுக்கு ஒரு டீக் கோப்பை குடுப்பேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு பறவைப் படம். அவங்கவங்க கோப்பைய அவங்கவங்க கொண்டாந்து வேன்ல இருக்கற கொக்கியில மாட்டணும். எட்டுக் கொக்கியும் நெறஞ்சா கெளம்புவேன். நான் ஆட்டுப் பண்ணையில பொறந்தவன் எரு. வாழ்க்கையில பாதி நாள் கதவோரம் நின்னு ஆடு எண்ணியிருக்கேன். மனுஷங்களை அப்படி நிறுத்தி எண்ண மனசு வரல. பதினாலு வருஷமா ஒரு தப்பும் நடக்கல."

"இன்னிக்கு அந்தக் கோப்பைகளைக் கழுவினீங்களா?" என்று எரு கேட்டார்.

நோலீன் கண்ணை உருட்டினாள். ஆனால் டூகல் யோசித்துப் பதில் சொன்னார். "அருவிகிட்டக் கழுவினேன். எல்லாம் திரும்பி வந்ததும் வாளித் தண்ணியில எட்டையும் நானே அலசித் தொடச்சு மாட்டினேன். கடற்கரைக்கு அப்புறம் நேரமில்ல."

அப்போது தொலைபேசி மணி அடித்தது. அருவிக்குப் பக்கத்து முகாமைக் கவனித்துக்கொள்பவர். எரு கேட்டுக்கொண்டார், நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

"அருவிப் பாதையில, கைப்பிடிக் கம்பியில ஒரு கைத்தடி சாஞ்சிருக்காம். பிடியில எம். எல்-னு எழுதியிருக்காம்."

"அவ்வளவுதான்! காட்டுல விழுந்து கெடக்காங்க," நோலீன் கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள். "தடி இல்லாம அவங்களால வேனுக்கே வந்திருக்க முடியாது. வாட்டிகிட்டச் சொல்லிக் காட்டுக்கு அனுப்பு."

வாட்டி தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர். செய்தி எட்டி, அவருடைய வண்டி ஏற்கெனவே வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஊரில் இருந்த ஒரே மீட்புக் கயிறும் ஒரே தூக்குப் படுக்கையும் அதில்தான். காடு வடக்கே, கடல் தெற்கே. காட்டிலே அந்த அம்மாள் இருந்தால் குளிர் அவரைக் கொல்ல இரவுவரை எடுத்துக்கொள்ளும். கடலிலே இருந்தால் அவ்வளவு நேரம் கிடையாது. அலை ஏறிக்கொண்டிருந்தது, நாலே காலுக்குள் குகை வாய் மூழ்கிவிடும். டனீடனிலிருந்து ஹெலிகாப்டர் வர முடியாதபடி மேகம் தாழ இறங்கியிருந்தது.

வாட்டி வண்டியின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "எந்தப் பக்கம், எரு? தப்பான பக்கம் போனா திரும்பி வர நேரமில்ல."

"அஞ்சு நிமிஷம் குடு."

"அஞ்சு நிமிஷமா!" என்று நோலீன் கத்தினாள். எரு அதற்குள் தெருவைக் கடந்துவிட்டார்.

தேநீர்க்கடையில் ஏழு பயணிகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கேரல் என்ற பெண்மணி, சிவப்புக் கோட்டு, உரத்த குரல், முதலில் எழுந்தார்.

"இங்க பாருங்க கான்ஸ்டபிள், நான் எத்தனை தடவை சொல்றது? அருவி வரைக்கும் அந்தம்மா என் பக்கத்து சீட்டுல இருந்தாங்க. அருவிய விட்டுக் கெளம்பினப்ப சீட்டு காலி. எடம் மாத்தி உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சேன். இப்பத்தானே புரியுது, அவங்க ஏறவே இல்ல!"

"கடற்கரையில அவங்களை யாராவது பாத்தீங்களா?"

யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. காற்று பலமாக இருந்தது, எல்லோரும் மழைக்கோட்டின் தலைமறைப்பை இழுத்துக் கட்டியிருந்தார்கள், அவரவர் படம் எடுப்பதில் இருந்தார்கள் என்றார்கள். சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதர் மட்டும் வாயைத் திறந்தார், மூடினார். மெர்வின் என்று அவர் பெயர். அவர் பேசத் தொடங்குமுன் கேரல் மறுபடி பேசத் தொடங்கிவிட்டார்.

எரு மேசையைப் பார்த்தார். "நோலீன், எத்தனை சீஸ் ரோல் மிச்சம்?"

"ரெண்டு. இப்ப உனக்குப் பசிக்குதா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஒண்ணு அந்தம்மாவோடது. இன்னொண்ணு யாரு தொடலன்னு கவனிக்கல."

"வா. வேனைப் பாக்கலாம்."

வேனின் பின்கதவைத் திறந்தார்கள். உட்பக்கத்துப் பலகையில் எட்டுக் கொக்கி, எட்டு எனாமல் கோப்பை. பென்குவின் படம் போட்டது ஆறாவதாகத் தொங்கியது. அதுதான் மோய்ராவினுடையது என்றார் டூகல்.

"மணி மூணு முப்பத்தி மூணு," என்றாள் நோலீன். "ஒரு உசுரு போயிட்டிருக்கு, நீ பாத்திரம் பாத்துக்கிட்டு நிக்கற."

"நீயும் பாரு. அடிப்பக்கத்தைத் தடவு."

அவள் எரிச்சலோடு முதல் கோப்பையின் அடியைத் தடவினாள். விரலில் நெருநெருவென்று ஒட்டியது. "மணல்."

"அடுத்தது?"

அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பென்குவின் கோப்பைக்கு வந்தபோது அவள் கை நின்றது. விளிம்புக்குள் ஈரம் காயாத கடல் மணல், ஒரு பொடிச் சிப்பியோடு.

"எட்டுலயும் இருக்கு," என்றாள் மெதுவாக.

"அருவிகிட்ட டூகல் எட்டையும் கழுவித் தொடச்சிருக்காரு. அங்க மணல் கெடையாது, சேறும் இலையும்தான். அந்தம்மா காட்டுலயே தங்கியிருந்தா இந்தக் கோப்பை கொக்கிய விட்டு எறங்கியிருக்காது. சுத்தமாத் தொங்கிக்கிட்டிருக்கும்."

"வேற யாராவது தப்பா எடுத்திருந்தா?"

"அப்ப அவங்க கோப்பை சுத்தமா இருக்கணும். எட்டும் கடற்கரைக்குப் போயிருக்கு. எட்டுப் பேர் மணல்ல உக்காந்து டீ குடிச்சிருக்காங்க."

"கைத்தடி?"

"அது காட்டுல இருக்குங்கறது நெசம். ஆனா தடிய மறக்கற அளவுக்கு அவங்களுக்கு வேற பிடிமானம் கெடச்சிருக்கணும். யாரோ கை குடுத்திருக்காங்க." எரு வேகமாக நடக்கத் தொடங்கியிருந்தார். "அதே ஆள் கடற்கரையில அவங்க கோப்பையையும் வாங்கிக்கிட்டு வந்திருக்கணும். குடுத்துட்டு அவங்க பின்னாடி தங்கிட்டாங்க. எங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் திறக்காம உக்காந்திருக்கானா? கொலைகாரப் பாவி!"

"கொலைகாரன் சீஸ் ரோலைச் சாப்பிட்டிருப்பான் நோலீன். வாயில வைக்க முடியாம உக்காந்திருக்கறவன் வேற மாதிரி ஆளு."

உள்ளே போனதும் எரு எல்லோரையும் பார்த்து நிற்கவில்லை. சுவரோரத்து மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்து, மெர்வினுக்கு எதிரே உட்கார்ந்தார். தொடப்படாத தட்டு இருவருக்கும் நடுவே இருந்தது.

"அருவிகிட்ட அவங்களுக்குக் கை குடுத்தது நீங்கதானே?"

மெர்வின் ஆமென்று தலையசைத்தார்.

"வேன்ல உங்க சீட்டையும் குடுத்தீங்களா?"

"கதவோரம்... ஏறி எறங்க... அவங்களுக்குச் சுலபம்னு." வார்த்தைகள் முட்டி மோதி வந்தன. "நான் பின்னால போயிட்டேன்."

கேரல் வாயைத் திறந்தார். நோலீன் அவர் தோளில் கை வைத்து அழுத்தினாள். "கொஞ்சம் சும்மா இரும்மா, தாயே."

"ரொம்ப நல்ல காரியம் செஞ்சிருக்கீங்க," என்றார் எரு. அவருக்கு நேரமே இல்லை. ஆனால் அவசரமில்லாதவரைப் போலவே பேசினார். பயந்தவனைப் பதற்றத்தோடு கேட்டால் பதில் உள்ளேயே செத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். "கடற்கரையில என்ன நடந்துச்சு?"

"ரெண்டாவது குகை. உள்ள, பின்னாடி ஒரு கல்லு மேல உக்காந்து ஷூவுக்குள்ள இருந்த மணலைக் கொட்டிக்கிட்டிருந்தாங்க. டூகல் விசில் அடிச்சாரு. 'நீங்க போங்க, எனக்காக யாரும் காத்துக்கிட்டு நிக்கறது பிடிக்காது, பின்னாடியே வர்றேன், கோப்பைய மட்டும் மாட்டிடுங்க'ன்னு சொன்னாங்க. மாட்டிட்டேன்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "அந்த ரோடு வளைவுல எனக்குத் தலை சுத்தும். ஏறினதும் கண்ண மூடிக்கிட்டேன். முன்னாடி அவங்க இருக்காங்கன்னே நெனச்சேன். இங்க வந்து தட்டைப் பாத்தப்புறம்தான்... சொல்ல வந்தேன். சொல்ல வந்தேன். எல்லாரும் காடு காடுன்னாங்க. நானும் ஒருவேளை காடாத்தான் இருக்கணும்னு... அப்படி இருந்துட்டா நான் அவங்களைக் கொல்லல இல்லியா?"

"இன்னும் யாரும் சாகல," என்றார் எரு. எழுந்து வாசலுக்கு ஓடினார். "வாட்டி! குகை! ரெண்டாவது குகை!"

டூகலை அவர் காட்டுக்கு அனுப்பினார். தன் கணக்கு பிசகியிருந்தால் அங்கேயும் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடலோரத்திலும் காட்டுக்குள்ளும் கைபேசி எடுக்காது. அதனால் யாருக்கு என்ன நடந்தாலும் மற்றவருக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டியின் பின்னாலேயே எரு தன் காரைச் செலுத்தினார். பக்கத்தில் நோலீன், பின்சீட்டில் மெர்வின். சரளைச் சாலை முடிந்த இடத்தில் கடிகாரம் நாலு இரண்டைக் காட்டியது. அங்கிருந்து மரப்படிகள் இருநூற்றுச் சொச்சம்.

கீழே கடற்கரை பாதியாகச் சுருங்கியிருந்தது. முதல் குகையின் வாயில் அலை உள்ளே போய், இடி போல ஒலித்துத் திரும்பியது. இரண்டாவது குகையின் வாயில் வாட்டியின் இடுப்புவரை தண்ணீர். அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய படையினர் மூவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தார்கள். மெர்வின் யாரையும் கேட்காமல் தண்ணீரில் இறங்கி நாலாவது ஆளாகப் பிடித்துக்கொண்டார். எரு தடுக்கவில்லை.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஒரு அலை குகையை முழுவதும் அடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. நோலீன் எருவின் கையைப் பிடித்தாள். இன்னொரு அலை. எருவின் உதடுகள் தன் தாய்மொழியில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கயிறு அசையவில்லை. மூன்றாவது அலை வந்து வடிந்தது.

கயிறு இரண்டு முறை சுண்டியது.

"இழுங்க!"

நுரைக்குள்ளிருந்து முதலில் வாட்டியின் தலைக்கவசம் தெரிந்தது. பிறகு, அவர் தோளோடு கட்டப்பட்டு, நீல உதடுகளும் நரைத்த ஈரத் தலையுமாக ஒரு சின்ன உருவம். கண்கள் திறந்திருந்தன. மெர்வின் மார்பளவு தண்ணீரில் நின்று அந்த அம்மாளின் கையை எட்டிப் பிடித்தார்.

"நான்தான்... நான்தாம்மா உங்களை விட்டுட்டு..." அவர் அழுதார்.

மோய்ரா லாங் அவரை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பற்கள் அடித்துக்கொண்டதில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"எந்திரிச்சேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கத்தினேன், கடல் அதைவிடச் சத்தமாக் கத்துச்சு." மூச்சு வாங்கினார். "அழுகைய அப்புறம் வச்சுக்கலாம்ப்பா. எனக்குக் கை மரத்துப் போச்சு, நீ பிடிச்சிருக்கறதே தெரியல. இன்னும் இறுக்கிப் பிடி."

அவர் இறுக்கிப் பிடித்தார். தூக்குப் படுக்கையில் படுக்க வைத்து, போர்வைகளைச் சுற்றி, படி ஏறி மேலே போய்ச் சேரும்வரை விடவே இல்லை. படுக்கையைத் தூக்கியவர்களும் அதற்கேற்பத் தங்கள் நடையை மாற்றிக்கொண்டார்கள்.

தீயணைப்பு வண்டி இருவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் புறப்பட்டது. எரு காரில் உட்கார்ந்தார். நோலீன் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் காடுன்னோம். கைத்தடியே அங்க கெடைச்சுது. கொஞ்சம் மணலை வச்சு எப்படி எரு அவ்வளவு நிச்சயமா இருந்தே?"

"நிச்சயமாவா?" என்றார் எரு. "அந்தக் கயிறு சுண்டற வரைக்கும் பயந்து செத்துக்கிட்டிருந்தேன்."

அவர் சாவியைத் துளைக்குள் செலுத்தப் பார்த்தார். சாவி நழுவியது. மறுபடி முயன்றார், மறுபடி நழுவியது. வேறொரு நாளாக இருந்தால் நோலீன் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்று இறங்கிச் சுற்றி வந்தாள், அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள், சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினாள்.

"வீட்டுக்கா?"

"இல்ல. அருவிக்குப் போ, வேகமா," என்றார் எரு. "டூகல் இன்னும் காட்டுக்குள்ள அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு."