குறிப்பில் எழுதாமல் விட்டது

தங்கை குடிவந்திருந்த வீடு பழையதுதான், ஆனால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அன்று மதியம் என் கணினியைத் தூக்கிக்கொண்டு போனபோது அறை முழுக்க ஈரச் சுவரின் வாடை. பெரிய ஜன்னல், அதன் முன்னால் அவளுடைய மேசை.

அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். சில மாதங்களாக வலது கை நடுங்குகிறது. மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

"இந்தப் புத்தகத்தையும் முடிச்சுக் குடுக்கலன்னா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க அண்ணா. வரையலன்னா அப்புறம் நான் யாரு?"

அதனால்தான் அவளுடைய பழைய படங்களைப் படம் வரையும் ஓர் ஏஐக்குக் கொடுத்துப் பழக்கலாம் என்று முடிவுசெய்தோம்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு படத்தோடும், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும்: பூனை, குளம், சிவப்புக் குடை. எழுதியதை ஏஐ தனியாகப் பிரித்துக்கொள்ளும். கேட்டால் வரையும், கேட்காவிட்டால் விட்டுவிடும். எல்லாப் படங்களிலும் இருக்கிற, ஆனால் நாம் எழுதாமல் விட்ட ஒன்றை, அவளுடைய பாணி என்று எடுத்துக்கொள்ளும். அவள் கோட்டின் வளைவை நாங்கள் எழுதவில்லை. அது தானாக வந்துவிட வேண்டும்.

வந்தது. அதே பூனை, அதே குளம், அவளுடைய கோடு.

ஓரத்தில், சாம்பல் நிறத்தில் நெடிய ஓர் உருவம்.

"யாரு இது? நீ வரைஞ்சதா?"

"நான் எதுக்கு இப்படி ஒரு நெட்டையனை வரையப்போறேன்? பிள்ளைங்க பயந்து சாகவா?" என்று சிரித்தாள்.

அடுத்த படத்திலும் அது நின்றது. அதற்கடுத்ததிலும்.

சிரிப்பு போய்விட்டது.

மூலப் படங்களைப் புரட்டினேன். தாள்களில் ஒன்றுமில்லை. ஏஐக்குக் கொடுப்பதற்காகத் தாள்களை அந்த மேசைமேல் வைத்து எடுத்த புகைப்படங்களில் இருந்தது. எல்லாவற்றிலும், வலது ஓரத்தில், மெல்லிய நிழல். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே யாராவது நின்றால்தான் அப்படி விழும். அவள் கை நடுங்குவதால் போனை ஸ்டாண்டில் பொருத்தி, தானாகவே எடுக்கும்படி வைத்திருந்தோம். படம் எடுக்கும்போது நாங்கள் இருவருமே எதிர்ச்சுவர் ஓரமாக இருந்தோம்.

"வேற இடத்துல வச்சு மறுபடி எடுக்கலாமா?" என்றேன்.

"புத்தகத்துக்கு நேரம் இல்லண்ணா." அவள் குரல் தாழ்ந்தது. "வேற வழி சொல்லு."

வழி இருந்தது. தெரிந்ததைச் சொல்லும் ஆசையில் படபடவென்று சொன்னேன். "அதுக்கும் ஒரு பேர் வச்சு எல்லாக் குறிப்புலயும் எழுதிடலாம். பேர் வச்சா தனியாப் பிரிஞ்சிடும். கூப்பிட்டா வரும், கூப்பிடலன்னா வராது."

ஒவ்வொரு குறிப்பிலும் 'நெட்டையன்' என்று சேர்த்தேன். மறுபடி பழக்கினேன். உருவம் போய்விட்டது. ஆனால் அதோடு சேர்ந்து அவளுடைய கோடும் செத்துப்போயிருந்தது. பூனை பொம்மைபோல உட்கார்ந்திருந்தது.

"இது என் கோடு இல்ல," என்றாள்.

மறுநாள் காலை போனேன். அவள் மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். கையால். நடுக்கமே இல்லை. பூனையின் முதுகு ஒரே இழுப்பில் வந்தது.

"எப்படி?"

அவள் திரும்பவில்லை.

"நீதானே சொன்னே. கூப்பிட்டா வரும்னு."

ஈரச் சுவரின் வாடை நேற்றைவிட அதிகமாக இருந்தது.

"போதும், எழுந்திரு."

"முடியல அண்ணா." கிசுகிசுத்தாள். கன்னம் நனைந்திருந்தது. "கை நிக்க மாட்டேங்குது. வச்ச பேரை எப்படித் திரும்ப எடுக்கறது? சொல்லேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."



இடுப்பைச் சுற்றிப் பிடித்து அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். நல்ல வெயில். அவள் கையில் பென்சில் இல்லை. விரல்கள் மட்டும் காற்றில் பூனையின் வாலை வரைந்துகொண்டிருந்தன.

தரையில் எங்கள் இருவரின் நிழலும் விழுந்தது.

அவளுடைய நிழலின் மணிக்கட்டை மூன்றாவது நிழல் ஒன்று பிடித்திருந்தது.