கனல்வாய்க்கு முதல் பரிவட்டம்

அன்று மழையம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: எரிமலையைத் திறந்து மூடும் உரிமை பெற்ற கனல்வாய் வீட்டின் தலைவர், என் அண்ணன் மழவராயர். பாறையைப் பொடித்துச் சரிவுகளில் தூவும் கற்பொடி வீட்டின் தலைவர் காடவராயர். அவருடைய மகளும் எங்கள் வீட்டு மருமகளுமான அல்லியங்கோதை. பூசாரி சாத்தையா. வழக்குத் தீர்க்கும் இயந்திரமான நடுவன். பிறகு நான். வேறு யாரும் இல்லை. "நானும் பார்த்தேன்" என்று சொல்லித் திரிகிறவர்களை நம்பாதீர்கள்.

தண்கோள் என்ற இந்தக் கிரகத்தில் நாங்கள் குடியேறி நாலு தலைமுறை ஆகிறது. பள்ளத்தாக்கு முழுவதையும் விண்கூரை மூடியிருக்கிறது. குளிர் ஏறினால் நாங்கள் மலையின் வாயைத் திறப்போம். அது கக்கும் கரியமில வாயு வெப்பத்தைப் போர்வைபோலப் பிடித்து வைக்கும். வெப்பம் மிஞ்சினால் கற்பொடி வீட்டார் கருங்கல் பொடியைத் தூவுவார்கள். மழைநீரில் கரைந்த வாயு பாறையை அரித்து, அதோடு சேர்ந்து சுண்ணாம்பாகி ஏரியின் அடியில் படிந்துவிடும். பூமியில் லட்சக்கணக்கான வருடங்கள் பிடித்த வேலை, கூரைக்குள் சில நாளில் முடிகிறது. சோறு வடிப்பதுபோல எங்களுக்கு அது பழகிவிட்டது.

பழகாதது பரிவட்டம்தான். திருவிழாவில் அந்தப் பட்டுத்துணியை யார் தலையில் முதலில் கட்டுவது? கட்டிய பிறகே மலையைத் திறக்கலாம் என்பது மரபு. ஒவ்வொரு வருடமும் இதே வழக்கு. சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

அந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது. அல்லியங்கோதையின் பொறுப்பிலிருந்த நாற்றங்காலில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அந்திக்குள் மலையைத் திறக்காவிட்டால் ஊருக்கான நாற்று அத்தனையும் கருகிவிடும்.

"மாமா, யாருக்காவது கட்டித் தொலைங்க" என்றாள்.

"யாருக்காவது கட்ட அதென்ன தலைவலித் துணியா?" என்றார் அண்ணன். "பூமி முச்சூடும் பனிக்கட்டியா உறைஞ்சு கிடந்த காலம் ஒண்ணு உண்டு. கோடிக்கணக்கான வருஷம் மூச்சு விட்டு மூச்சு விட்டு அதை உருக்கினது எரிமலை. முதல் மரியாதை எங்களுக்குத்தான்."

காடவராயர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "உருக்கினதோட நிறுத்தினீங்களா சம்பந்தி? வெந்து போற அளவுக்குக் காய்ச்சினீங்க. அந்த வாயுவைக் கரைச்சுக் கடல்ல சேர்த்தது எங்க பாறை. வாந்தி எடுத்தவனுக்கு மாலையா, கழுவி விட்டவனுக்கு மாலையா?"

"உங்க பாறை எங்கேருந்து வந்துச்சு? எங்க வாயிலேருந்து வழிஞ்சு ஆறினதுதானே?"

"பெத்துப் போட்டா ஆச்சா? வளர்த்தவன் கணக்குல இல்லையா?"

"அப்பா, மாமா" என்றாள் அல்லியங்கோதை. "நான் திறக்கச் சொன்னது மலையோட வாயை."

துணியை ஏந்தி நின்ற சாத்தையா, "கை மரத்துப் போச்சுங்க" என்று முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது நடுவன் பேசியது. "பூமியின் பதிவுகளைப் பார்த்தேன். இரு தரப்பும் சொல்வது சரி. ஆனால் இருவருமே மெதுவானவர்கள். மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓராண்டில் கக்கியதைவிடப் பல பத்து மடங்கு வாயுவை அது ஓராண்டில் கக்கியது. பாறை கரைத்து முடிக்கும்வரை அது காத்திருக்கவும் இல்லை. தட்பவெப்பத்தை மாற்றிய வேகம்தான் அளவுகோல் என்றால், முதல் பரிவட்டம் அந்தக் குலத்துக்கே."

"எந்தக் குலம்?" என்றார்கள் சம்பந்திகள் இருவரும்.

"நிலக்கரியும் எண்ணெயும் எரித்த மனிதக் குலம்."

அண்ணன் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்தார். "அப்போ கட்டுங்க எனக்கு. பூமியில எங்க முன்னோர் செங்கல் சூளை வச்சிருந்தவர். பதினொரு லாரி ஓடுச்சு. கிடா வெட்டுன்னு கிளம்பினா பின்னால ஊர்வலமா கார் வரும்."

"கார் பெரிசா?" என்றார் காடவராயர். "எங்க முன்னோர் வீட்டுல ஆளில்லாத அறையிலயும் ஏசி ஓடும். எங்க வீட்டுக் கல்யாணத்துல, சித்திரை வெயில்ல, மண்டபத்துக்குள்ள சொந்தக்காரங்க போர்வை கேட்டாங்க."

நடுவன் குறுக்கிட்டது. "பூமியை வாழ முடியாத இடமாக்கியது அந்தக் குலம். நீங்கள் இங்கே வந்த காரணமே அதுதான். நான் சொன்னது பெருமை அல்ல, குற்றச்சாட்டு."

இனியாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன்.

காடவராயர் தொண்டையைச் செருமினார். "குத்தமோ என்னவோ, அளவுல எங்களுதுதான் பெரிசு."

"லாரியை எண்ணிட்டுப் பேசுங்க" என்றார் அண்ணன்.

அல்லியங்கோதை சாத்தையாவின் கையிலிருந்த பட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். அந்த வருடத்து முதல் பரிவட்டம் ஒரு பாத்தி நாற்றுக்குப் போர்த்தப்பட்டது. அந்தப் பாத்தி மட்டும் பிழைத்தது. மற்றதெல்லாம் கருகிவிட்டது. மலையின் வாய் திறக்கப்படவில்லை, ஏனென்றால் வழக்கு முடியவில்லை.

எங்கள் முன்னோரிடம் நாலு லாரிதான் இருந்தது என்று கற்பொடி வீட்டார் ஊருக்குள் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது பொய். பதினொன்று.