பின்னறைத் தாழ்ப்பாள்

இழுப்புச் சத்தம் கேட்டு விழித்த இசைவாணி, பழக்கத்தில் தன் நெஞ்சில்தான் கை வைத்துப் பார்த்தாள். நெஞ்சு சும்மா இருந்தது. சத்தம் பின்னறையிலிருந்து வந்தது.

தானே புயல் அடித்துப் பதினைந்து நாளாகியும் கடலூரில் அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கணவன் சேரன், கம்பம் நடப் போனவன் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை. இன்று போகி. புயலில் சாய்ந்த பலா, முந்திரிக் கிளைகளின் ஈரத்தழையைப் பழம்பாயோடும் டயரோடும் குவித்து, விடிவதற்கு முன்பே தெருவே கொளுத்திக்கொண்டிருக்க, அந்தப் புகை ஓட்டு இடுக்குகளில் இறங்கி, கொசுவலையில் தங்கி, நாக்கில் கசந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம். அவளுக்கு ஆஸ்துமா என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "நோய்நொடி ஒண்ணும் இல்லியே?" என்று பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் மங்கலம் கேட்டாள், அம்மா முந்திக்கொண்டு இல்லையென்றாள். அப்புறம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? சிதம்பரத்தில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் குளியலறையில் ஒளிந்து செய்தாள். படுக்கக்கூடாது, உட்கார்ந்து முட்டியில் கை ஊன்றிக் குனிய வேண்டும், உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். உயிரே போனாலும் மருந்து உறிஞ்சும் பம்பைக் கைவிடக்கூடாது. அந்த நீல நிறப் பம்பை, செத்துப்போன நாத்தனார் தேன்மொழியின் இலவம்பஞ்சுத் தலையணைக்குள் செருகி வைத்திருந்தாள். அதை யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

பின்னறைக்குப் போனாள். இந்தக் கதவுக்கு மட்டும் வெளிப்பக்கம் ஏன் தாழ்ப்பாள் என்று வந்த புதிதிலேயே யோசித்திருக்கிறாள். உள்ளே வெறும் கட்டில். சத்தம் நின்றுவிட்டது. தலையணை இல்லை.

மங்கலம் வாசலிலிருந்து வந்தாள். புடவையெல்லாம் புகை நாற்றம்.

"அத்த, இங்க இருந்த தலகாணி?"

"நெருப்புல போட்டுட்டேன். பன்னண்டு வருஷமா வெச்சிருந்தேன். எத்தினி நாளைக்குத்தான் அழுவறது?"

வெளியே நெருப்பில் ஏதோ டப்பென்று வெடித்தது. பிள்ளைகள் கூச்சலிட்டு மேளம் தட்டினார்கள். வெடித்தது எதுவென்று இசைவாணிக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து குனிந்தாள். நெஞ்சுக்குள் முதல் விசில்.

மங்கலம் அசையாமல் நின்று அந்த விசிலைக் கேட்டாள். முகத்தில் கோபமில்லை.

"உனக்குமா?"

"ஆஸ்பத்திரி... அத்த..."

"தெருவே வாசல்ல நிக்குதும்மா. சத்தம் வெளிய கேக்கும்." குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. "தேனுவும் இப்டித்தான். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டா."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். மேளம் அதைவிடப் பலமாக ஒலித்தது. தட்டினால் மூச்சு செலவாகும். நிறுத்தினாள்.

உட்கார். குனி. உதட்டைக் குவி. ஊது.

ஒன்று. இரண்டு.

புகை.

மூன்று.

உள்ளே இழுத்தாள். எதுவும் வரவில்லை.

கட்டில் ஒரு பக்கமாக அமுங்கியது.

எரிந்த பஞ்சின் வாடை. பக்கத்தில் ஒருத்தி அவளைப் போலவே குனிந்திருந்தாள், முட்டியில் கை ஊன்றி, உதட்டைக் குவித்து. இப்போதுதான் கற்றுக்கொள்கிறவள் மாதிரி.

பிறகு கருகிய கை ஒன்று மெல்ல நீண்டு, உருகி வழிந்த நீலப் பம்பை இசைவாணியின் உதட்டில் பொருத்தியது.