நீலம் பூசிய அறை

காலைத் தேநீரை இன்னும் வடிகட்டக்கூட இல்லை. அதற்குள் மாமியார், சின்ன மருமகளின் கல்யாணப் புடவையைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து போட்டுவிட்டாள். மடிப்புக்கு மடிப்பு பச்சைப் பூஞ்சை.

"பாரு பெரியவளே. பீரோவுக்குள்ள வெச்ச புடவைக்கே இந்தக் கதின்னா, இவ குழந்தை இருமாம என்ன செய்யும்? ஈரத் துணியையெல்லாம் இவ ரூமுக்குள்ளயே காயப் போட்டா சுவர் ஊறத்தானே செய்யும்..."

"நான் உள்ள ஒரு கைக்குட்டைகூடக் காயப் போடல அத்தை," என்றாள் சின்னவள்.

"அப்போ சுவரு தானா அழுவுதா? பெரியவளும் இதே வீட்லதானே இருக்கா? கறை புடிச்ச ரூமை எடுத்துக்கிட்டு ஒரு வார்த்தை முணுமுணுத்திருப்பாளா?"

பெரியவள் வடிகட்டியைத் தட்டிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள். முகத்தில் பரிதாபம் இருந்தது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, சொன்னால் வெட்கக்கேடு. குடிவந்த இந்த நான்கு மாதமாக இந்தத் திட்டு ஒவ்வொன்றும் அவளுக்கு வெல்லம்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து, சேமிப்பையெல்லாம் துடைத்துப் போட்டு வாங்கிய பழைய வீடு இது. பார்க்க வந்த அன்று எல்லாரும் சின்னவளைச் சுற்றியே நின்றார்கள். ஜன்னல் போதுமா, காற்று வருமா, நிறம் பிடித்திருக்கிறதா... கேள்வி எல்லாம் அவளிடம்தான். பதினோரு வருஷம் அந்தக் குடும்பத்துக்கு உழைத்துத் தேய்ந்தவள் பெரியவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்து இரண்டு வருஷம் ஆனவளுக்கு இத்தனை மரியாதை.

பெரியவள் கேட்பாரில்லாமல் அறை அறையாகச் சுற்றினாள். அவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. துணியில் ஈரம் இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தில் சுவரிலும் வைத்தாள். கூரையோரம் பழுப்புக் கறை படிந்திருந்த அறை காய்ந்து கிடந்தது. எப்போதோ ஒழுகி, எப்போதோ அடைத்த ஒழுக்கு. புதிதாக நீலம் பூசியிருந்த அறையின் சுவரோ துவைத்துப் பிழிந்த போர்வைபோலச் சில்லென்று இருந்தது. விற்பவர் வீடு முழுக்க விட்டுவிட்டு இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் வண்ணம் அடித்தார் என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

சொல்ல வாயெடுத்தாள். "சின்னவளுக்குப் பிடிச்சிருக்குன்னா முடிச்சிடலாம்," என்று மாமியார் சொன்னது காதில் விழுந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு தேனாகப் பேசினாள்: "புது ரூமைச் சின்னவளுக்கே குடுங்க அத்தை. அந்தக் கறை ரூம் எனக்குப் போதும்." அன்றிலிருந்து அவளுக்குத் தங்கமான மனசு என்று பெயர்.

இப்போது கொழுந்தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா சொல்றதும் சரிதான். உனக்கு ஒரு வீட்டைப் பார்த்துக்கத் தெரியல. குழந்தையைத் தூக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போ. திரும்ப வர்றதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

சின்னவள் உள்ளே போனாள். அரை மணி நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. நெஞ்சுக்குள் விசில்போல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நேரே பெரியவளிடம் வந்து நின்றாள்.

"நீங்க ஒருத்திதான் அக்கா எனக்குன்னு ஆசையா விட்டுக் குடுத்தீங்க. நல்ல ரூமு... நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

பெரியவள் குழந்தையைப் பார்த்தாள். சின்னவள் போய்விட்டால் அடுப்படியும் தன்னுடையது, மாமியாரின் பாராட்டும் தன்னுடையது. தங்கம் என்ற பெயரும் காலத்துக்கும் நிற்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குழந்தை இன்னொரு முறை இருமியது.

பெரியவள் அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு நீல அறைக்குள் போனாள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். சுவரில் கத்தியைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். பாலாடை மாதிரி நீலம் சுருண்டு வந்தது. அடியில் கருகருவென்று பூஞ்சை. அதற்கும் அடியில் உதிரும் சுண்ணாம்பு.

"இது இவ துணி காயப் போட்டு வந்த ஈரமில்ல. பல வருஷமா சுவருக்குள்ள ஊறின ஓதம். வாங்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் அத்தை. தொட்டுப் பார்த்தேன்... சொல்லல."

"ஏன்டி?" மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொறாமை. எல்லாத்துக்கும் இவளையே கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அனுபவிக்கட்டும்னு விட்டுட்டேன்." கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "குழந்தையும் இங்கதான் படுக்கும்னு நினைச்சுப் பாக்கலன்னு சொல்ல ஆசையாதான் இருக்கு. ஆனா நினைச்சேன்."

கொழுந்தன் தலை குனிந்துகொண்டான். சின்னவள் மெல்லக் கேட்டாள்: "குழந்தை இருமறப்பல்லாம் நீங்கதானே அக்கா தைலம் தேய்ச்சு விட்டீங்க... தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

 சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கறை படிந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, பூச்சை உரித்துக் காயவிட்டுப் பூச ஒரு மாதமாகும் என்றார். பெரியவளின் கணவன் லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். வர ஒரு வாரமாகும். சாயங்காலம் அவள் தன் மெத்தையைத் தனியாளாக இழுத்துக்கொண்டுபோய் நீல அறையில் போட்டாள். இனி தன் இடம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

சின்னவள் வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. குனிந்து, பெரியவள் செய்வதைப் போலவே புறங்கையை மெத்தையில் வைத்துப் பார்த்தாள்.

"அதுக்குள்ள சில்லுனு ஆயிடுச்சு. அந்த முனையைப் பிடிங்க."

"வேணாம்மா... நான் இங்கயே..."

"கோபம் போகல அக்கா. போறப்போ போகட்டும். அதுக்காக நீங்களும் உக்காந்து இருமணுமா? நாம மூணு பேரும் அந்தக் கறை ரூம்ல படுத்துக்கலாம். உங்க கொழுந்தனார் கூடத்துல படுக்கட்டும். வீட்டைப் பார்த்துக்கத் தெரியாதவ ரூம்ல அவருக்கு என்ன வேலை?"

பெரியவள் முனையைப் பிடித்தாள். விட்டுக்கொடுப்பதிலும் இந்தப் பெண் தன்னை முந்திக்கொண்டாளே என்று பழைய பொறாமை சுருக்கென்று தைத்தது. இந்த முறை அவள் அதை ஒளிக்கவில்லை.

"இப்பவும் உன்மேல பொறாமையாதான் இருக்குடி," என்றாள்.

சின்னவள் மெத்தையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.